பதினோராம் வரியில் ஜேர்மன்

எசன் நகரின் வடக்கே உள்ள ஒரு தொடக்கப் பாடசாலையில் செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணிக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அரசாங்கம் நடத்தும் வகுப்பு. இடம் மூன்றாம் மாடியில், சமையல் கற்பிக்கும் அறை. வேறு அறை காலியாக இல்லை, இது தற்காலிக ஏற்பாடு என்று பதினேழு வருடங்களுக்கு முன்னர் சொன்னார்கள். பிள்ளைகள் நான்கு மின்னடுப்புகளைச் சுற்றி உட்கார்ந்து அ, ஆ எழுதுவார்கள். கொறற்றி ரீச்சர் உள்ளே வந்ததும் முதல் வேலையாக அடுப்புகளின் திருகுகள் பூச்சியத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பார். வணக்கம் சொல்வது அதற்குப் பிறகுதான்.

கொறற்றிக்கு ஐம்பத்தேழு வயது. ஊர் மன்னாரில் பேசாலை. ஆசிரியர் கலாசாலையில் படித்து முடித்து இரண்டு வருடம் படிப்பித்தார். தொண்ணூறாம் ஆண்டு சண்டை வந்தது. வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போய், முகாமில் ஆறு வருடம் இருந்து, பிறகு அல்பேர்ட்டைக் கலியாணம் செய்ய ஜேர்மனிக்கு வந்தார். அல்பேர்ட் அப்போதே எசனில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார், இன்றும் ஓட்டுகிறார். கொறற்றி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் பத்து வருடம் படுக்கை விரிப்பு மடித்தார். அந்தப் பத்து வருடமும் அவருடைய ஆசிரியர் சான்றிதழ் அங்கீகாரம் கேட்டு நான்கு அலுவலகங்களுக்குப் போய் வந்தது. ஜேர்மனியை மனுசியைவிடச் சான்றிதழ்தான் அதிகம் சுற்றிப் பார்த்தது என்று அல்பேர்ட் சொல்வார். கடைசியில் அதை ஏற்றுக்கொண்டார்கள். பதினெட்டு வருடம் எவருக்கும் ரீச்சராக இல்லாதவர் மறுபடியும் ரீச்சரானார். அதற்குப் பிறகு தேவாலயத்தில் சுவாமியார்கூட அவரைக் கொறற்றி என்று கூப்பிட்டதில்லை.

கோடை விடுமுறைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அல்பேர்ட் வேலை முடிந்து ஒரு பத்திரிகையோடு வந்தார். யாரோ பயணி பேருந்தில் விட்டுப்போனது. அதை மேசையில் வைத்து, "உம்மட வகுப்பு பேப்பரில வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். விடிய நாலு மணிக்கு எழும்பியவர்.

செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் இருந்தது. நகரசபையில் ஒரு கட்சி ஒரு பிரேரணை கொண்டுவந்திருந்தது. பொதுப் பாடசாலைகளில் பூர்வீக மொழியும் பூர்வீகப் பண்பாடும் கற்பிக்கும் வகுப்புகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பிரேரணையைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயர் பீலிக்ஸ் வெஸ்ற்கம்ப், வயது முப்பத்துநான்கு. பாடசாலை என்பது எல்லோருக்கும் பொதுவானதைக் கற்கும் இடம், எங்கிருந்து வந்தோம் என்பது வீட்டு விஷயம் என்று அவர் சொல்லியிருந்தார். எந்த மொழியை ஒரு பாடசாலையில் குறைந்தது பதினைந்து பிள்ளைகளாவது உண்மையிலேயே வீட்டில் பேசுகிறார்களோ, அந்த மொழிக்கு மட்டுமே வகுப்பு இருக்கலாம். அதற்கு உதாரணமும் கொடுத்திருந்தார். நகரின் வடக்கே ஒரு பாடசாலையில், அதிகாரபூர்வக் கணக்கின்படி, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் நான்கு பேர். தமிழ் வகுப்புக்குப் போகிறவர்கள் பத்தொன்பது பேர். மற்றப் பதினைந்து பேரும் அங்கே என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்டிருந்தார்.

கொறற்றிக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை அந்தப் பதினைந்து பேரும் செய்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. எந்தக் குப்பையை எந்தத் தொட்டிக்குள் போடுவது என்று தமிழில் ஐந்து வசனம் எழுதினார்கள். வாழைப்பழத் தோல் மண்ணிறத் தொட்டிக்கு. அதில் பூர்வீகப் பண்பாடு என்று எதைச் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தார். வாழைப்பழம் ஒருவேளை.

செப்டெம்பர் கடைசியில் நகரசபையின் பாடசாலைக் குழு இதை விவாதித்து வாக்கெடுக்கும் என்று செய்தி முடிந்தது. நிறைவேறினால் இலையுதிர்கால விடுமுறைக்குப் பிறகு வீட்டில் பேசுவோர் பதினைந்துக்குக் குறைந்த மொழிகளின் வகுப்புகள் இருக்கமாட்டா.

மறுநாள் கொறற்றி பாடசாலை அலுவலகத்துக்குப் போனார். அங்கே செயலாளர் திருமதி ஷுல்ற்ற இருபத்தாறு வருடமாக இருக்கிறார். பாடசாலை அதிபர்கள் நான்கு பேரைக் கண்டவர். நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கொறற்றி கேட்டார். பெயர்களைக் காட்ட முடியாது, தனியாள் தகவல் பாதுகாப்பு என்று திருமதி ஷுல்ற்ற சொன்னார். எண்ணைப் பற்றிச் சொல்லலாம். பிள்ளையை முதலாம் வகுப்புக்குப் பதியும் படிவத்தில் பதினோராவது வரி, குடும்பத்தில் பேசும் மொழி. அதைத்தான் வருடாவருடம் புள்ளிவிபரத்துக்கு அனுப்புகிறோம். நான்கு குடும்பம் தமிழ் என்று எழுதியிருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் ஜேர்மன்.

"எனக்கு உங்கள் ஆட்களின் படிவங்கள் பிடிக்கும்" என்றும் அவர் சொன்னார். "ஒரு வெட்டு இல்லை, ஒரு அடித்தல் இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி அழகாக எழுதுகிறார்கள். ஜேர்மன் என்ற சொல்லின் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு சின்னச் சுழி போடுவார்கள். அது உங்கள் நாட்டு வழக்கம் என்று நினைத்தேன்."

அது நாட்டு வழக்கம் இல்லை. பேசாலையில் கன்னியாஸ்திரிமார் கொறற்றிக்கு ஆங்கில எழுத்துப் பழக்கியபோது போடச் சொன்ன சுழி. நன்றி சொல்லிவிட்டுக் கொறற்றி வெளியே வந்தார்.

நடந்தது இதுதான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கொறற்றியின் மகள் டெல்சிக்குப் பாடசாலை தொடங்கும் வயது வந்தது. அதற்கு முந்திய வருடம் பக்கத்து வீட்டு வசந்த்குமார் தன் மகன் லவனைப் பதியும்போது பதினோராவது வரியில் உள்ளதை உள்ளபடி தமிழ் என்று எழுதினார். லவன் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரைத் திருத்துகிற அளவுக்கு ஜேர்மன் பேசுகிற பிள்ளை. அவனை ஜேர்மன் தெரியாத பிள்ளைகளுக்கான வகுப்பில் போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு அம்மையார் அப்பிள் படத்தைக் காட்டி அப்பிள் என்று சொல்லச் சொல்வார். லவன் சொல்வான். நான்காம் வகுப்பு முடிவில், மொழியில் ஆதரவு தேவைப்பட்ட பிள்ளை என்று அறிக்கையில் எழுதி, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியத்துக்கு அனுப்பாமல் வேறு பாடசாலைக்கு அனுப்பினார்கள். லவன் இன்று வரி ஆலோசகர். அவனை வகுப்பில் போட்டவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

லவனை அப்பிள் வகுப்பில் போட்ட சேதி கேட்டிருந்ததால் கொறற்றி டெல்சியின் படிவத்தில் ஜேர்மன் என்று எழுதினார். டெல்சியை ஒருவரும் எங்கும் போடவில்லை. அடுத்த வருடம் பிள்ளைகளைப் பதிய இருந்த தாய்மார் அவரிடம் வந்தார்கள். படிவங்களை வாசிக்கத் தெரிந்தவர் என்று அவருக்குப் பெயர் இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக ஒரு படிவத்தைக் கொறற்றி முழுதாக நிரப்பிக் கொடுத்தார். மாதிரி. நம் ஆட்களுக்கு மாதிரி ஒன்று இருந்தால் போதும். அகதி விண்ணப்பம் நிரப்பிய காலத்திலிருந்து வந்த பழக்கம்; ஒருத்தருடையது சரிவந்தால் அதையே எல்லாரும் பார்த்து எழுதுவார்கள். பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றினால் காணும். தேவாலய மண்டபத்தில் பிரதி எடுத்தார்கள். கோயிலில் சைவக்காரர்களுக்கும் பிரதி போனது. படிவம் பச்சையிலிருந்து வெள்ளையானது, இரண்டு தடவை வரிகள் இடம் மாறின, மாதிரியும் அதற்கேற்றாற்போல் புதுப்பிக்கப்பட்டது. இப்போது அது வட்ஸ்அப்பில் படமாக வருகிறது. சுழியோடு.

தான் தமிழ் ரீச்சரான பிறகாவது அதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் தமிழ் வகுப்புக்குச் சேர்க்கிற படிவம் வேறு. இரண்டு படிவத்தையும் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு கடதாசி மற்றக் கடதாசியைக் காணாதவரைக்கும் எந்தக் கந்தோரிலும் பிரச்சினை இல்லை.

அன்று பின்னேரம் டெல்சி வந்தாள். டெல்சி காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்கிறாள். அருகில்தான் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். கொறற்றி எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில், "நான் பொய் எழுதிப் போட்டன். ஊரையும் எழுத வச்சுப் போட்டன்" என்றார்.

டெல்சி சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டாள். பிறகு ஜேர்மன் மொழியில், அது பொய் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நான் உன்னோட ஒரு நாளாவது ஜேர்மன் கதைச்சிருக்கிறனா?"

இல்லை என்று டெல்சி ஒப்புக்கொண்டாள். ஆனால் தான் அம்மாவோடு தமிழ் கதைத்ததும் இல்லை என்றாள், ஜேர்மனிலேயே. கொறற்றி கொஞ்சம் யோசித்தார். உண்மைதான். இருபத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் ஒருவர் தமிழில் கேட்பார், மற்றவர் ஜேர்மனில் பதில் சொல்வார், சண்டையும் அப்படியே நடக்கும், ஒருவருக்கும் ஒன்றும் விளங்காமல் போனதில்லை.

என்றாலும் வகுப்பு மூடப்படப் போகிறது. அதைத் தடுக்க ஒரு வழிதான் இருந்தது. திருமதி ஷுல்ற்றவைக் கேட்டதில், பெற்றோர் எழுத்தில் கேட்டால் அந்த வரியைத் திருத்தலாம் என்றார். நான்கைப் பதினைந்தாக்கப் பதினொரு கடிதம் வேண்டும். அதற்குள் விடுமுறை தொடங்கிவிட்டது, ஆட்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். எல்லாரையும் ஒரே இடத்தில் பிடிக்கக் கூடிய நாள் ஒன்றே ஒன்றுதான், ஓகஸ்ட் மாதத்தில் கேவலார் என்ற ஊரின் மாதா கோயிலுக்குப் போகும் யாத்திரை. மாதாவிடம் ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழ் ஆட்கள் வருவார்கள். வேதக்காரர்களைப்போலவே சைவக்காரர்களும் வருவார்கள். மாதா என்றால் அம்மன்தானே என்று அவர்கள் பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி காலையில் பூசை தொடங்குமுன் கொறற்றி ஒரு மரத்தின் கீழ் நின்று புதிய மாதிரி ஒன்றை எழுதினார். எங்கள் தரப்பில் ஏற்பட்ட கவனக்குறைவினால் எமது குடும்ப மொழி ஜேர்மன் என்று பதியப்பட்டுள்ளது, எமது குடும்ப மொழி தமிழ், தயவுடன் திருத்தவும். நான்கு வரி. பூசை முடிந்து ஆட்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது குடும்பம் குடும்பமாகப் போய்க் காட்டினார். தாய்மார் படம் எடுத்துக்கொண்டார்கள். எவரும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. ரீச்சர் சொன்னால் சரி.

தம்பித்துரை மட்டும் கேட்டார். யாழ்ப்பாணத்தவர், ஒரு உணவகத்தில் சமையல், மகள் மிதுஷா நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்பில்தான் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது என்று தை மாதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அவர் மாதிரியை இரண்டு தடவை வாசித்தார்.

"அக்கா, பிள்ளையின்ர ஆறு வயசில நீங்கள் சொன்னபடி ஜேர்மன் எண்டு போட்டனான்" என்றார். "இப்ப தமிழ் எண்டு போடச் சொல்லுறியள். அடுத்த வருஷம் என்ன, பிரெஞ்சோ?"

அவருடைய மனைவி கிருசாந்தி, ரீச்சரோடு இப்படிக் கதைக்கிறதா என்று அவரைக் கண்டித்தாள். தம்பித்துரை பார்சலைக் கீழே வைத்தார்.

"இல்லை, கேக்கிறன். தமிழ் எண்டு எழுதினால் பிள்ளையை அப்பிள் வகுப்பில போடுவினம் எண்டு சொன்னது ஆர்? நீங்கள். இப்ப போடமாட்டினமோ? எழுதித் தருவியளோ?"

கொறற்றியால் எழுதித் தர ஏலாது. போடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்று சொன்னார். நினைக்கிறதை வைத்துத் தன்ர பிள்ளையின் தலையெழுத்தை மாற்ற ஏலாது என்று தம்பித்துரை சொன்னார். வகுப்பு மூடினால் மிதுஷாவுக்கும் வகுப்பு இல்லை என்று கொறற்றி சொன்னார். அது தனக்கும் கவலைதான் என்று தம்பித்துரை சொன்னார், உண்மையாகவே கவலையான குரலில். பிறகு கொறற்றிக்கு ஒரு வடை கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

பாடசாலை தொடங்கிய முதல் கிழமையே பன்னிரண்டு கடிதம் வந்து சேர்ந்தது. கொறற்றிக்குத் தேவைப்பட்டதைவிட ஒன்று கூடுதல். திருமதி ஷுல்ற்ற எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டார். போடும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார், ஆனால் அது தன் வேலை இல்லை என்று சொல்லாமல் விட்டார். கொறற்றி தன் மாதிரியின் மேல் வலப்பக்கத்தில், கடிதம் எழுதும் முறைப்படி, இடமும் திகதியும் போட்டிருந்தார். பன்னிரண்டு கடிதமும் கேவலாரில் ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி எழுதப்பட்டவையாக இருந்தன. அதில், வட்ஸ்அப்பில் மாதிரி கிடைத்த இரண்டு குடும்பம் அன்று கனடாவில் நின்றது.

பாடசாலைக் குழுவின் கூட்டம் செப்டெம்பர் கடைசிப் புதன்கிழமை நடந்தது. தகவல் தருபவராகக் கொறற்றிக்கு அழைப்பு வந்திருந்தது. டெல்சி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பார்வையாளர் வரிசையில் இருந்தாள். அல்பேர்ட் அந்த நேரம் மண்டபத்துக்கு முன்னால் போகும் பேருந்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். எப்படி முடிந்தது என்று அறிய ஒவ்வொரு நாற்பது நிமிடத்துக்கும் ஒருதடவை அந்த வழியாக வந்தார்.

பீலிக்ஸ் வெஸ்ற்கம்ப் பத்திரிகைப் படத்தில் இருந்ததைவிட மெலிந்தவர், மரியாதையானவர். கொறற்றிக்குக் கதிரையை இழுத்து வைத்தார். தன் பாட்டனார் சுரங்கத்தில் வேலை செய்ய வந்த போலந்துக்காரர் என்றும், அவருடைய மொழியைப் பாடசாலையில் ஒருவரும் கற்பிக்கவில்லை என்றும், அதனால் தன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்றும் பேச்சைத் தொடங்கினார். பொதுப் பாடசாலை ஒவ்வொருவரின் பூர்வீகத்தையும் பாடமாக வைக்கத் தொடங்கினால் பொதுவானதற்கு நேரம் எங்கே என்று கேட்டார். எதிர்த்துப் பேசிய பெண் உறுப்பினர், பல மொழி என்பது பெரும் செல்வம் என்றார். தான் இலங்கையில் விடுமுறை கழித்திருப்பதாகவும் அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள் என்றும் சொன்னார். இரண்டு பேச்சிலும் கொறற்றி குறிப்பு எடுத்தார், பழக்க தோஷத்தில்.

பிறகு வெஸ்ற்கம்ப், பாடசாலை குழுவுக்கு அனுப்பியிருந்த அந்தக் கோப்பைத் திறந்தார். பன்னிரண்டு கடிதத்தையும் மேசையில் வரிசையாக அடுக்கினார். ஒரே வசனம், ஒரே நாள், ஒரே ஊர் என்று காட்டினார். பிரேரணை பத்திரிகையில் வந்து ஆறு கிழமைக்குள், எசனில் இருக்கும் பன்னிரண்டு குடும்பம் ஒரு யாத்திரைத் தலத்தில் நின்று, தாங்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்று திடீரென்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் கேலி செய்யவில்லை; வாசித்தார், அவ்வளவுதான். சபையில் சிலர் சிரித்தார்கள். பிறகு கொறற்றியின் பக்கம் திரும்பி, இவற்றை எழுதியது யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லலாம். பெற்றோர் எழுதினார்கள் என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். கொறற்றி அரசாங்க ஊழியர். அரசாங்கப் படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தவர் வகுப்போடு வேலையையும் இழக்கலாம் என்று அவருக்குத் தெரியும். வகுப்பறையில் பார்த்து எழுதிய பிள்ளை யாரென்று கேட்டால் முதலில் கை தூக்குகிற பிள்ளைக்கு அவர் தண்டனை கொடுப்பதில்லை. அந்த வழக்கம் இங்கே இருக்குமா என்று தெரியவில்லை.

"நான்தான் எழுதினேன்" என்றார், ஜேர்மனில்.

வெஸ்ற்கம்ப் இதை எதிர்பார்க்கவில்லை. அப்படியென்றால், முன்பு இருந்த ஜேர்மன் என்ற பதிவுதான் சரியானது என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அதையும் நான்தான் எழுதினேன்."

கொறற்றி லவனைப் பற்றிச் சொன்னார், பெயர் சொல்லாமல். அப்பிள் படத்தைப் பற்றிச் சொன்னார். தான் நிரப்பிய மாதிரியைப் பற்றிச் சொன்னார். வருடங்களையும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, வகுப்பில் வரவு இடாப்பு வாசிப்பதுபோல் சொன்னார்.

"இரண்டில் எது உண்மை?" என்று வெஸ்ற்கம்ப் கேட்டார். கோபமாக அல்ல. உண்மையிலேயே அறிய விரும்பினார்.

"என் வீட்டில் நான் தமிழில் பேசுவேன். என் மகள் ஜேர்மனில் பதில் சொல்வாள். இருபத்தெட்டு வருடமாக இதே உரையாடல் நடக்கிறது. உங்கள் படிவத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்று பயந்தபோது அவள் பாதியை எழுதினேன். வகுப்பு போய்விடும் என்று பயந்தபோது என் பாதியை எழுதினேன்."

பார்வையாளர் வரிசையில் டெல்சி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவி அப்போது கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். அடியில் இன்னொரு கடிதம் இருக்கிறதே என்றார். பதின்மூன்றாவது கடிதம். உணவகத்தில் ஓடர் எழுதும் சீட்டின் பின்பக்கத்தில், குமிழ்முனைப் பேனாவால் எழுதப்பட்டது. கொறற்றி அதைப் பார்த்ததே இல்லை. தலைவி சத்தமாக வாசித்தார். எழுதியவர் தம்பித்துரை. நான் வீட்டில் தமிழ் பேசுகிறேன், மனைவியும் தமிழ், மனைவிக்குக் கோபம் வந்தால் அவ ஜேர்மன், மகள் எப்பவும் ஜேர்மன், ஆனால் கனவில் தமிழ் கதைக்கிறா, தொலைக்காட்சி ஹிந்தி. ரீச்சர் ஒன்று எழுதச் சொல்கிறார், எனக்கு அதற்கு மனமில்லை, பிள்ளைக்குக் கெடுதல் இல்லாத எதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மரியாதையுடன்.

எவரும் சிரிக்கவில்லை என்பது கொறற்றிக்கு ஆச்சரியமாக இருந்தது. தலைவி கடிதத்தை மடித்து வைத்தார். வெஸ்ற்கம்ப் தன் குறிப்புகளைப் புரட்டினார். நீண்ட நேரம் புரட்டினார். பிறகு, இந்த வகுப்புகளைப் பற்றிய தன் கருத்து மாறவில்லை, அதை இன்னொரு நாள் திரும்பவும் கொண்டுவருவேன் என்றார். ஆனால் பதினோராவது வரி எதை அளக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து வாக்குக் கேட்கத் தன்னால் முடியாது. ஒத்திவைக்கும்படி தானே கேட்டார். மாநில அரசு அந்தப் படிவத்தைப் பற்றிப் பதில் அனுப்பும்வரை இருக்கிற வகுப்புகள் இருக்கிறபடியே நடக்கட்டும் என்று முடிவானது. மாநில அரசு எப்போது பதில் அனுப்பும் என்று ஒருவர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே வரும்போது கொறற்றி வெஸ்ற்கம்ப்பிடம், உங்களுக்குப் போலிஷ் மொழி தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். கொறற்றி தலையாட்டினார். அதற்கு மேல் ஒன்றும் கேட்க நினைக்கவில்லை. ஆனால் வெஸ்ற்கம்ப் இன்னும் கேள்வி வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார்.

தரிப்பிடத்தில் அல்பேர்ட்டின் பேருந்து வந்தது. கொறற்றி முன்கதவால் ஏறி, "வகுப்பு இருக்கு" என்றார். அல்பேர்ட், சாரதியோடு பேசக் கூடாது என்று எழுதியிருந்த பலகையைக் காட்டிவிட்டு, கதவை மூடினார். அடுத்த சிவப்பு விளக்கில் நின்றபோது, "அப்ப வேலை?" என்று கேட்டார்.

மூன்று கிழமை கழித்துப் பதில் கல்வி அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. ஆசிரியை கொறற்றி பெற்றோருக்கு அரசாங்கப் படிவங்களைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக ஆலோசனை வழங்கியிருப்பதாகவும், அதில் முதல் ஐந்து வருடம் அவர் அரசாங்க ஊழியராக இல்லை என்பது கருத்தில் கொள்ளப்பட்டதாகவும் அதில் இருந்தது. வேலை இருக்கும். ஆனால் இது எழுத்து மூலமான கண்டிப்பு, கோப்பில் சேரும். இனிமேல் பதிவுப் படிவம் நிரப்பும் எந்த இடத்திலும் அவர் எந்த மொழியிலும் ஆலோசனை வழங்கக் கூடாது. வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பவும். கொறற்றி கையெழுத்திட்டார். சுழியோடு.

நவம்பரில் அடுத்த வருடப் பிள்ளைகளைப் பதியும் நாள் வந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. கொறற்றி ஒரு மணிக்கே பாடசாலைக்கு வந்துவிட்டார். அலுவலகத்துக்கு முன்னால் போகாமல் மாடி ஏற வழியில்லை. ஆறு தமிழ்த் தாய்மார் உள்ளே வரிசையில் இருப்பது கண்ணாடியால் தெரிந்தது. மாதிரியைப் பற்றிய கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வட்ஸ்அப்பில் பழையதை அழிக்கச் சொல்லிச் செய்தி போயிருந்தது, புதியதையும் அழிக்கச் சொல்லி. அதனால் ஒருத்தரிடமும் ஒன்றும் இல்லை.

தேனுஜா வெளியே வந்தாள். எசனில் பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை, ஒரு காலத்தில் கொறற்றியிடம் படித்தவள். எந்தப் படிவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பக் கூடியவள்.

"ரீச்சர், பதினொண்டில என்ன எழுதிறது?"

"எனக்குச் சொல்லேலாது, பிள்ளை. கையெழுத்து வச்சுக் குடுத்திட்டன்."

"தலையை ஆட்டினாலும் காணும்."

கொறற்றி தலையை ஆட்டவில்லை. ஆட்டாமல் நிற்பது அவருக்குச் சலவைப் பகுதியில் பத்து வருடம் நின்றதைவிடக் கடினமாக இருந்தது. சொல்லக் கூடாது என்பதால் அல்ல, என்ன சொல்வது சரி என்று இப்போதும் தெரியாததால். தேனுஜா திரும்பி உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் திருமதி ஷுல்ற்ற வெளியே வந்தார். கையில் ஆறு படிவம். எல்லாம் துப்புரவாக நிரப்பப்பட்டிருந்தன. பதினோராவது வரி மட்டும் ஆறிலும் வெறுமையாக இருந்தது.

"உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்றார்.

"நான் வரக் கூடாது."

"தெரியும். அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டது நான்தான்." திருமதி ஷுல்ற்ற படிவங்களைப் பார்த்தார். "இவர்கள் வீட்டில் என்ன பேசுகிறார்கள்?"

"நீங்கள் கேட்டுப் பாருங்கள்."

இருபத்தாறு வருடத்தில் அந்த வரியைப் பற்றித் தான் ஒருவரிடமும் வாய்திறந்து கேட்டதில்லை என்று திருமதி ஷுல்ற்ற சொன்னார். அதை ஒரு புகாராகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தாமல், ஒரு கதிரையை இழுத்து, தேனுஜாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கொறற்றிக்கு நேரமாகிவிட்டது. மேலே பிள்ளைகள் வந்திருப்பார்கள். முதலாம் மாடிவரை ஏறியபோதும் தேனுஜாவின் குரல் கேட்டது. புருசனோடு ஒன்று, மாமியாரோடு ஒன்று, பிள்ளையோடு காலையில் ஒன்று, நித்திரையாக்கும்போது ஒன்று என்று அவள் அடுக்கிக்கொண்டு போனாள்.

"மெதுவாக" என்றார் திருமதி ஷுல்ற்ற. "மெதுவாகச் சொல்லுங்கள். இந்த வரியில் இடமில்லை, பின்பக்கத்தில் எழுதுகிறேன்."